செலப்ரேட் ரெகவரி: அழுகிறவருக்கு யாரும் டிஷ்யூ நீட்டாத வட்டம்

பத்து நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருக்கும். நடுவில் தரையில் ஒரு டிஷ்யூ பெட்டி. பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று அழத் தொடங்குகிறார். பக்கத்தில் இருப்பவரின் கை தானாகப் பெட்டிக்குப் போகும், நம் ஊர்க்காரர் என்றால் போயே தீரும். போதையிலிருந்தும் மனக்காயங்களிலிருந்தும் மீள்வதற்கான கிறிஸ்தவத் திட்டமான செலப்ரேட் ரெகவரி நடக்கும் பல சபைகளில் அந்தக் கையை மடியிலேயே வைத்திருக்கச் சொல்லித் தருகிறார்கள். டிஷ்யூ நீட்டுவது அன்பினால்தான். ஆனால் அழுகிறவர் காதில் அது ‘போதும், கண்ணத் தொடச்சுக்கோ’ என்றுதான் விழும். வேண்டுமென்றால் அவரே எடுத்துக்கொள்ளட்டும், அதற்காகத்தான் பெட்டியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறார்கள். தோளைத் தட்டுவதும் கட்டிப்பிடிப்பதும் இப்படித்தான். கேட்காமல் செய்யக் கூடாது.

சபைக்குள் மனக்காயம் ஆற வேண்டும் என்று உண்மையாக ஆசைப்படுகிறவர்கள் இந்தத் திட்டத்தைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இந்த டிஷ்யூ பெட்டியே பாதிக் காரணம். மனந்திறந்து பேசுங்கள் என்று மேடையில் நின்று சொல்வது எளிது. திறந்த மனசை எங்கே, எப்படி, யார் முன்னால் வைப்பது என்பதற்கு ஏற்பாடு செய்வதுதான் கஷ்டம். செலப்ரேட் ரெகவரி அந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. அதன் பாடங்கள் சுமார், பாட்டும் மேடையும் அமெரிக்கச் சாயல். வட்டமும், வாழ்க்கையைத் தாளில் எழுதிப் பார்க்கும் ஐந்து பத்திக் கணக்கும் மட்டும் அருமை. இவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே கெட்டுப்போகின்றன என்பதைச் சொல்லத்தான் இந்த விமர்சனம்.

1991இல் தெற்கு கலிஃபோர்னியாவின் சேடில்பேக் சபையில் தொடங்கியது இது. தொடங்கியவர் ஜான் பேக்கர், ஏஏ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளிகளின் துணைக்குழு வழியாகக் குடியை விட்டவர். ஏஏ கூட்டத்தில் இயேசுவின் பெயரைச் சொன்னால் கிண்டல். சபையின் ஆண்கள் குழுவிலோ குடியைப் பற்றிப் பேசவே வழியில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு தன் பாஸ்டர் ரிக் வாரனுக்கு 13 பக்கம் கடிதம் எழுதினார். அதிலிருந்து பிறந்த முதல் கூட்டத்துக்கு 43 பேர் வந்தார்கள். பேக்கர் 2021இல் காலமானார். திட்டம் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான சபைகளில் நடக்கிறது. சிறைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு.

பெயரைக் கேட்டதும் குடிகாரர்களுக்கான கூட்டம் என்று நினைப்பவர்கள் அதிகம். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் குடிக்கோ போதைக்கோ வருவதில்லை என்று இயக்கமே சொல்கிறது. கோபம், பயம், துக்கம், ஆபாசப் படங்கள், சாப்பாட்டோடு போராட்டம், சின்ன வயசில் நடந்த கொடுமை என்று வருகிறார்கள். கோடிபென்டென்சி என்று ஒன்றைத் தனியாகவே வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் வாழ்க்கையைத் தூக்கிச் சுமந்தே தேய்ந்துபோகிறவர்களின் நிலை அது. குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாத கணவருக்காக ஆபீசுக்குப் போன் போட்டு ‘அவருக்குக் காய்ச்சல் சார்’ என்று பத்து வருஷமாகச் சொல்லிவரும் மனைவியை நினைத்துக்கொண்டால் புரியும். நம் சபைகளில் அவரைத் தியாகி என்போம். இங்கே அவருக்கும் ஒரு நாற்காலி போடுகிறார்கள்.

அடித்தளம் இரண்டு. ஒன்று, ஏஏவின் 12 படிகள், கிறிஸ்தவச் சொற்களில், ஒவ்வொரு படிக்கும் ஒரு வசனத்தோடு. இன்னொன்று, மத்தேயு 5ஆம் அதிகாரத்தின் ‘பாக்கியவான்கள்’ பகுதியை வைத்து அமைத்த எட்டுக் கொள்கைகள். வேதத்தில் வரும் வரிசையிலேயே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் நான்காவது இடத்துக்கு முன்னேறியிருப்பார்கள், ஏனென்றால் அந்த இடத்தில்தான் பாவ அறிக்கை வருகிறது. ஏழாவது கொள்கைக்குப் பாக்கியவான் வசனமே கிடையாது. வேத பாட வகுப்பாக நினைத்து வருகிறவர்களுக்கு இது உறுத்தும். பயிற்சித் திட்டமாகப் பார்த்தால் வரிசை சரியாகவே இருக்கிறது.

ஒரு மாலை இரண்டு பாதியாகப் போகும். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் ஒன்றாக. ஆராதனைப் பாடல்கள், படிகளையோ கொள்கைகளையோ சேர்ந்து வாசிப்பது, பிறகு ஒரு வாரம் பாடம், அடுத்த வாரம் சாட்சி, அதாவது ஒருவர் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்வது. சாட்சி சொல்பவர் முன்கூட்டியே எழுதி, தலைவரிடம் காட்டி, காகிதத்தைப் பார்த்தே வாசிக்கிறார். கேட்க உயிரில்லாததுபோலத் தோன்றும், ஆனால் காரணம் நியாயமானது. மைக் கையில் கிடைத்ததும் பழைய பாவத்தின் விவரம் நீண்டுகொண்டே போய், கேட்பவர்களில் ஒருவருக்கு அதே ஆசையை மூட்டிவிடலாம். இல்லையென்றால் சாட்சி சொல்பவரின் மனைவி பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார நேரும். எழுதி வாசித்தால் இரண்டும் நடக்காது.

இரண்டாவது ஒரு மணி நேரம்தான் ஓப்பன் ஷேர், சின்ன வட்டங்களாக உட்கார்ந்து மனந்திறந்து பேசுவது. ஆண்கள் தனி, பெண்கள் தனி. எண்ணிக்கை அதிகம் உள்ள சபையில் பிரச்சினைவாரியாகவும் பிரிவார்கள். முதல்முறை வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு அறிமுகக் குழு. அங்கே எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வார்கள், யாரையும் பேசவைக்க மாட்டார்கள். தன்னை அறிமுகம் செய்வதிலும் ஏஏவிலிருந்து ஒரு வேறுபாடு உண்டு. ஏஏவில் ‘நான் ஒரு குடிநோயாளி’ என்பார்கள். இங்கே ‘நான் இயேசுவை விசுவாசிக்கிறவன், கோபத்தோடு போராடுகிறேன்’ என்பது போலச் சொல்கிறார்கள். முதலில் விசுவாசி, பிறகுதான் போராட்டம். நோயின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டு பல வருஷம் வாழ்ந்தவருக்கு இந்த வரிசை மாற்றம் மூச்சுவிட இடம் கொடுக்கும்.

இனி ஓப்பன் ஷேரின் ஐந்து விதிகள். ஒவ்வொரு வாரமும், அதே பத்துப் பேர் வந்திருந்தாலும், பேச்சைத் தொடங்கும் முன் ஐந்தையும் சத்தமாக வாசிக்க வேண்டும். குழு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில் தொடங்குகிறது. மூன்றாம் மாதத்தில் தலைவர் ‘எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே’ என்று தாண்டிவிடுவார். அடுத்த மாதம் யாராவது விதியை மீறும்போது நிறுத்துவதற்கு அவர் கையில் எதுவும் இருக்காது. வாசித்துவிட்டு நிறுத்தினால் விதி நிறுத்துகிறது. வாசிக்காமல் நிறுத்தினால் தலைவர் அவமானப்படுத்தியதாக ஆகிவிடும்.

முதல் விதி: அவரவர் எண்ணத்தையும் உணர்வையும் மட்டும், 3 முதல் 5 நிமிடத்துக்குள். பத்துப் பேருக்கு ஐந்து நிமிடம் என்றால் 50 நிமிடம். விதிகளை வாசிக்கவும் முடிவு ஜெபத்துக்கும் மிச்சம் பத்து. பதினோராவது ஆள் வந்தால் வட்டத்தை இரண்டாக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தளர்த்தினால் எப்போதும் ஒரே இரண்டு பேர் பேசுவார்கள். பேச வேண்டியவர் கடைசி நாற்காலியில் வாய் திறக்காமல் வீட்டுக்குப் போவார்.

தமிழில் வட்டம் நடத்துகிறவர்கள் இந்த விதியில் கூடுதலாகக் காது கொடுக்க வேண்டும். நம் மொழியில் ‘நான்’ என்று சொல்லாமலேயே மணிக்கணக்காகப் பேசலாம். ‘நமக்கெல்லாம் கோபம் வரத்தானே செய்யும்’, ‘ஒருத்தன் எவ்வளவுதான் தாங்குவான்’, ‘பொம்பளைன்னா பொறுத்துத்தானே போகணும்’ எல்லாமே உண்மையான வலியிலிருந்து வருபவைதான். ஆனால் பேசுகிறவர் அந்த வாக்கியத்துக்குள் இல்லை. தலைவர் குறுக்கிட வேண்டியதில்லை. ஒருவர் முடித்தபின், ‘அண்ணே, அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு?’ என்று ஒரே ஒரு கேள்வி போதும். ‘எனக்கு…’ என்று தொடங்கி அவர் நிறுத்தும் அந்த இடைவெளிக்காகத்தான் மொத்த மாலையும்.

இரண்டாவது விதி: கிராஸ் டாக் கிடையாது. வட்டத்தில் இரண்டு பேர் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். ‘அக்கா, எங்க வீட்லயும் இதே கதைதான்’ என்று ஒருவர் ஆறுதலாகத்தான் தொடங்குவார். அரை நிமிடத்தில் கதை அவர் வீட்டுக்குப் போய்விடும். பேசிக்கொண்டிருந்தவர் தன் வலியைப் பாதியில் வைத்துவிட்டு இவரைத் தேற்ற வேண்டியதாகும். தமிழ் வட்டங்களில் ‘ஸ்தோத்திரம்’, ‘ஆமென்’ என்று நடுநடுவே சொல்வதையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது நல்லது. பக்தியோடு சொல்வதுதான், ஆனால் எந்த வரிக்கு ஆமென் வந்தது, எந்த வரிக்கு வரவில்லை என்று பேசுகிறவர் எண்ணத் தொடங்கிவிடுவார். அடுத்த வாரம் ஆமென் வரும் வரிகளை மட்டுமே சொல்வார்.

மூன்றாவது விதி: தாங்குவதற்கு வந்திருக்கிறோம், சரிசெய்ய வரவில்லை. விசுவாசிகளுக்கு இதைவிடக் கடினமான விதி இல்லை. நமக்குத் தெரிந்த வசனம் நாக்கு நுனியில் நிற்கும். யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அவனுக்குச் செய்த உருப்படியான உதவி அதுதான். வாயைத் திறந்தபின் நடந்தது நமக்குத் தெரியும். இந்த விதியை எந்தச் சபையிலாவது விளக்க வேண்டியிருந்தால் அந்தப் பகுதியை வாசித்துவிட்டு நிறுத்தினாலே போதும். ‘உங்க விசுவாசம் பத்தல’, ‘மன்னிச்சிருந்தா இப்பவும் வலிக்காதே’ என்ற இரண்டு வாக்கியங்கள் ஒரு வட்டத்தில் ஒருமுறை விழுந்தால், அதைக் கேட்டவர் மட்டுமல்ல, கேட்டுக்கொண்டிருந்த எட்டுப் பேரும் மறுபடி வாய் திறக்க மாட்டார்கள்.

நான்காவது, இங்கே கேட்டது இங்கேயே இருக்க வேண்டும். யார் வந்தார்கள் என்பதையும் வெளியே சொல்லக் கூடாது. நம் சபைகளில் ரகசியம் வெளியே போவது வம்புப் பேச்சாகப் போவதில்லை, ஜெபக்குறிப்பாகப் போகிறது. ‘அந்தத் தங்கச்சிக்காக ஜெபம் பண்ணுங்க, வீட்ல கொஞ்சம் பிரச்சினை, விவரம் சொல்ல மாட்டேன்.’ விவரம் சொல்லாமலே எல்லாம் சொல்லியாயிற்று. சபை வாட்ஸ்ஆப் குழுவில் அது போய்ச் சேர்வதற்குள் கல்யாண வயசுப் பிள்ளைகளின் சம்பந்தம்வரை பாதிக்கும். ஆகவே தமிழ்க் குழுவில் நான்காவது விதியோடு ஒரு வரியைச் சேர்த்தே வாசிக்க வேண்டும்: இங்கே கேட்டதை ஜெபக்குறிப்பாகக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. போதகரிடமும், வாழ்க்கைத்துணையிடமும் அப்படியே.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. ஒருவர் தன் உயிருக்கோ அடுத்தவருக்கோ தீங்கு செய்யப் போவதாகச் சொன்னால் தலைவர் மறைத்துவைக்கக் கூடாது. தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசி, உதவி கிடைக்கும்வரை உடனிருக்க வேண்டும். இந்தியாவில் குழு நடத்துகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளாவது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி அதைப் போலீசுக்குச் சொல்வது கட்டாயம். ‘வட்டத்தில் சொன்னது’ என்பது சட்டத்தின் முன் நிற்காது. ஓசையில்லாமல் பேசி முடிக்கலாம் என்று நினைக்கும் சபை அந்தப் பிள்ளையைத்தான் கைவிடுகிறது. இதையும் முதல் நாளே எல்லோர் காதிலும் போட்டுவிட வேண்டும், பிறகு ‘நம்பிச் சொன்னேனே’ என்ற வார்த்தைக்கு இடமிருக்காது.

ஐந்தாவது, மோசமான வார்த்தைகள் கூடாது. பாவத்தை அங்குலம் அங்குலமாக வருணிப்பதையும் இதற்குள் அடக்கிக்கொள்ளலாம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஓப்பன் ஷேரில் மனசு லேசாகும். ஆழமான வேலை நடப்பது ஸ்டெப் ஸ்டடியில். வாராவாரம் சுமார் இரண்டு மணி நேரம், ஒரே பாலினத்தவர், நான்கு சிறு பயிற்சிப் புத்தகங்கள், மொத்தம் 25 பாடங்கள். முடிக்க ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். முதல் சில வாரங்களுக்குப் பிறகு கதவை மூடிவிடுவார்கள், புது ஆட்களைச் சேர்ப்பதில்லை. ‘பாவம், ஒரே ஒருத்தர்தானே, சேர்த்துக்குவோம்’ என்று நம் இரக்கத்தில் கதவைத் திறந்தால், அந்த ஒருவருக்காக மற்ற எட்டுப் பேரும் மறுபடி முதலிலிருந்து ஜாக்கிரதையாகப் பேசத் தொடங்குவார்கள். அவரை அடுத்த குழுவுக்குக் காத்திருக்கச் சொல்வதே அவருக்கும் நல்லது.

பாடங்களின் வரிசையை மாற்றாதீர்கள். ஏழாவது பாடம் ஸ்பான்சரைத் தேடுவது பற்றியது. ஒன்பதாவது பாடத்தில்தான் இன்வென்டரி, கடையில் ஸ்டாக் எடுப்பதுபோல நம் வாழ்க்கையைக் கணக்கெடுப்பது. துணைக்கு ஒருவர் கிடைத்த பிறகே தோண்ட வேண்டும் என்று வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். ஸ்பான்சர் என்பவர் தானே ஸ்டெப் ஸ்டடியை முடித்தவர், ஒரே பாலினத்தவர், போன் எடுப்பவர். அக்கவுண்டபிலிட்டி பார்ட்னர் என்பவர் நம்மோடு அதே பாடத்தில் நடந்துவருகிறவர். இரண்டு பேரும் வேண்டும். அவசரப்பட்டு ஸ்பான்சர் இல்லாமலே இன்வென்டரித் தாளை எடுத்தவர்கள் பாதியில் நிறுத்திவிடுவது வழக்கம். தோண்டி வெளியே எடுத்ததை வைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு யாரிடமும் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தால் வேறென்ன செய்வார்கள்?

அந்தத் தாளில் அட்டவணைபோல ஐந்து பத்திகள். யார், என்ன நடந்தது, அன்றும் இன்றும் அதன் விளைவு, அதனால் எது சேதமானது, இதில் என் பங்கு என்ன. ஒரு வரியை நிரப்பிப் பார்க்கலாம். முதல் பத்தியில் ‘அப்பா’. இரண்டாவதில் ‘பிளஸ் டூ ரிசல்ட் அன்று சித்தப்பா, அத்தை எல்லோர் முன்னாலும் பெல்ட்டால் அடித்தார்’. மூன்றாவதில் ‘அன்றைக்கு ஓடிப்போகத் தோன்றியது, இன்றும் ஆபீசில் யாராவது குரலை உயர்த்தினால் கை நடுங்குகிறது’. நான்காவதில் உறவா, பாதுகாப்பு உணர்வா, பாலுறவு வாழ்க்கையா, எது அடிபட்டது என்று எழுத வேண்டும். இங்கே பாதுகாப்பு. ஐந்தாவது பத்திதான் கடினம். அடி வாங்கியதில் பிள்ளையின் பங்கு எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தை இருபது வருஷம் கழித்துத் தன் மகன் மேல் இறக்கியிருந்தால் அது தனி வரி, அங்கே பங்கு உண்டு. ஒரே கோபத்தை இப்படி இரண்டு வரியாகப் பிரிக்கக் கற்றுக்கொள்வதில்தான் இந்தத் தாளின் பலன் முழுவதும் இருக்கிறது. பிரிக்காதவர் ஒன்று அப்பாவையே காலமெல்லாம் குற்றம் சொல்வார், இல்லை எல்லாவற்றையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்வார்.

கொடுமைக்கு ஆளானவர்கள் ஐந்தாவது பத்தியில் ‘நான் குற்றவாளி இல்லை’ என்றோ ‘எதுவும் இல்லை’ என்றோ எழுத வேண்டும் என்று பயிற்சிப் புத்தகமே சொல்கிறது. தலைவர்கள் இதைத் தாளைக் கொடுக்கும்போதே, சத்தமாக, இரண்டு முறை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நம் பெண்கள் எதையாவது எழுதிவிடுவார்கள். ‘நான் அந்த வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது’, ‘நான் கத்தியிருக்கணும்’ என்று எட்டு வயசில் நடந்ததற்கு நாற்பது வயசில் பங்கு எழுதுவார்கள். அது காயத்தை ஆற்றாது, மேலே இன்னொன்றைப் போடும்.

பெற்றோரின் பெயரை முதல் பத்தியில் எழுதவே பேனா ஓடாது. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கட்டளை கண்முன் நிற்கும். கனம்பண்ணுவதற்கு நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை என்பதை ஸ்பான்சர் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். தாளில் கெட்டது மட்டும் வரக் கூடாது, அதே அப்பா ராத்திரி இரண்டு மணிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால் அதையும் எழுத வேண்டும். நல்லதும் கெட்டதும் சமமாக எழுதாவிட்டால் கணக்குப் பொய்யாகிவிடும் என்று பாடமும் சொல்கிறது. கூட்டுக்குடும்பத்தில் இருப்பவர்கள் தாளை எங்கே வைப்பது என்பதை எழுதும் முன்பே முடிவு செய்யட்டும். பைபிளுக்குள் வேண்டாம், அதைத்தான் வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள். ஸ்பான்சரிடமே கொடுத்துவைப்பது உண்டு.

எழுதியதை இன்னொருவரிடம் வாசித்துக் காட்டுவது அடுத்த கட்டம், யாக்கோபு 5:16 சொல்வதும் இதைத்தான். தேவனிடம் தனியாக அறிக்கை செய்தால் போதாதா என்று சீர்திருத்தச் சபைகளில் கேட்பார்கள். மன்னிப்புக்கு அது போதும். வெட்கம் போவதற்கு இன்னொரு மனித முகம் வேண்டும். இதைச் சொன்ன பிறகும் எதிரில் இருப்பவர் எழுந்து போகவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் உடம்பு நம்பும்.

மன்னிப்பும் ஒப்புரவாதலும் 16, 17ஆம் பாடங்களில்தான் வருகின்றன. 25இல் இவ்வளவு பின்னால் வைத்திருப்பதைக் கவனியுங்கள். நம் சபைகளில் முதல் நாளே கேட்பது மன்னிப்பைத்தான். திட்டத்தில் இரண்டு பாதுகாப்புகள் உண்டு. நேரில் போய்ச் சரிசெய்வது அவருக்கோ மற்றவருக்கோ தீங்கு தரும் என்றால் போகக் கூடாது. மன்னிப்பதும் அவர் செய்தது சரி என்பதும் ஒன்றல்ல. இதோடு மூன்றாவதாக ஒன்றை நாமே சேர்க்க வேண்டும். அடிக்கிற கணவனை மனசில் மன்னிப்பது ஒன்று, அதே வீட்டுக்குத் திரும்பிப் போவது வேறொன்று. ‘மன்னிச்சிட்டேல்ல, அப்புறம் என்னம்மா, பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பு’ என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டால் ஒரு வருஷ வேலையும் போய், உயிருக்கும் ஆபத்தாகும்.

விழுந்துபோவது பற்றியது 21ஆம் பாடம். அதோடு நான்கு எச்சரிக்கைகளைச் சேர்த்துச் சொல்லலாம்: பசி, கோபம், தனிமை, களைப்பு. ஏஏ வட்டங்களில் புழங்குவது இது. இந்த நான்கில் இரண்டு சேர்ந்து வரும் நேரத்தில்தான் பழையது கூப்பிடும். ஆகவே ‘ஏன் விழுந்தேன்’ என்று ஆவிக்குரிய காரணத்தை மட்டுமே தேடாமல், அன்று மதியம் சாப்பிட்டாரா, முந்தின ராத்திரி தூங்கினாரா என்றும் கேட்க வேண்டும். நாற்பது நாள் உபவாசத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடத்தை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இந்தத் திட்டம் செய்யாதவற்றையும் சொல்ல வேண்டும், அது தெரியாமல் இருந்தால் உயிர்கள் போகும். நடத்துகிறவர்கள் மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் இல்லை. பல வருஷம் தினமும் குடித்தவர் ஒரு ஜெபக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்து அன்றே நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், உடல் நடுக்கம் என்று முற்றி, கவனிக்காவிட்டால் இறந்துபோகவும் கூடும். இதைப் பிசாசு என்று நினைத்து வீட்டிலேயே வைத்து ஜெபித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவரை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், ஜெபத்தை அங்கேயும் தொடரலாம். மனநோய்க்கு மாத்திரை எடுப்பவரிடம் நிறுத்தச் சொல்லும் உரிமை எந்தக் குழுத் தலைவருக்கும் கிடையாது.

வேலூர் சிஎம்சி 1957இலேயே பாகாயத்தில் மனநல மையம் தொடங்கி, நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கும் முறையைக் கொண்டுவந்தது. விசுவாசமும் மருத்துவமும் ஒரே வளாகத்தில் இருக்க முடியும் என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கு இந்தியாவில் டெலி மானஸ் 14416, அமெரிக்காவில் 988. விதிகள் அச்சடித்த தாளின் அடியிலேயே இந்த எண்கள் இருக்கட்டும்.

தமிழ்ச் சபை ஒன்று இதைத் தொடங்க நினைத்தால் மேடையிலிருந்து அறிவிப்பதில் தொடங்கக் கூடாது. முதலில் ஆறேழு பேர், வருங்காலத் தலைவர்கள், தாங்களே ஒரு ஸ்டெப் ஸ்டடியை முழுதாக முடிக்க வேண்டும். ஒரு வருஷம் போகும், போகட்டும். தன் தாளைத் தானே எழுதாதவர் அடுத்தவர் அழும்போது அறிவுரை சொல்லாமல் இருக்க முடியாது. வட்டத்துக்கு ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர் வேண்டும். யாராவது எழுந்து வெளியே போனால் பின்னால் போக ஒருவர், வட்டத்தில் இருக்க ஒருவர்.

பாடங்களை மொழிபெயர்க்கும்போது ஆங்கில எழுத்துச் சுருக்கங்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பாடமும் ஒரு ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைத் தலைப்பாக வைத்து ஓடுகிறது. தமிழில் அதே மாதிரி எழுத்துக்கு எழுத்து இழுத்தால் பாடம் நொண்டும். கருத்தை எடுத்துக்கொண்டு எழுத்தை விட்டுவிடலாம். பெயரை அதிகாரபூர்வமாகப் பயன்படுத்த இயக்கத்தின் நிபந்தனைகள் உண்டு, அவற்றை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கச் சபைகளில் பெரிதாக வராத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. ஆண், பெண் என்று மட்டும் பிரித்தால் மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் உட்காருவார்கள். அண்ணனும் தம்பியும், மாமனாரும் மாப்பிள்ளையும் அப்படியே. ஒரே குடும்பத்தார் ஒரே வட்டத்தில் வேண்டாம் என்பதை ஆறாவது விதியாகவே வையுங்கள். ஐம்பது குடும்பம் உள்ள சபையில் எல்லோருமே சொந்தக்காரர்கள் என்றால், பக்கத்து ஊர்ச் சபைகள் இரண்டு மூன்றைச் சேர்த்துக்கொண்டு நடத்தலாம். டொரன்டோ, லண்டன் போன்ற இடங்களில் உள்ள சிறிய தமிழ்ச் சபைகளுக்கும் இதுதான் வழி. போதகர் வட்டத்துக்குள் உட்காராமல் இருப்பதே நல்லது. பெண் பார்க்கும்போது அவரிடம்தான் விசாரிப்பார்கள், சபைப் பொறுப்புக்கும் அவர்தான் பெயர் சொல்வார். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் முன்னால் நாக்கு எழாது. அவருக்கும் காயம் இருக்கும். அவர் தன் ஊரில் இல்லாத வேறொரு வட்டத்துக்குப் போகட்டும்.

சிப் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் அர்ப்பணிப்புக்கு ஒன்று, பிறகு 30 நாள், 60 நாள், 90 நாள் என்று நாணயம் மாதிரி ஒன்றைத் தருவார்கள். சட்டைப்பையில் வைத்து, ஆசை வரும்போது தொட்டுப் பார்க்க. நம் கூட்டங்களில் அதைப் பரிசளிப்பு விழாவாக்கிப் போட்டோ எடுத்துப் போட்டுவிடும் ஆபத்து உண்டு. விழுந்தவர் மறுபடி முதல் சிப் வாங்க வரும்போதுதான் கைதட்டல் அதிகமாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கிற சபையில் இந்தத் திட்டம் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம்.

கூட்டத்துக்குக் கட்டணம் இல்லை, பயிற்சிப் புத்தகங்களை மட்டும் வாங்க வேண்டும். முதல்முறை போகிறவர்கள் பாட்டு முடியும் நேரத்துக்குப் போனாலும் பரவாயில்லை, பின்வரிசையில் இடம் இருக்கும். வட்டத்தில் முறை வரும்போது முதல் பெயரை மட்டும் சொல்லி, ‘இன்னைக்குக் கேக்க மட்டும் வந்தேன்’ என்றால் அடுத்தவருக்குப் போய்விடுவார்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேட்டார்கள் என்றால், அறிவுரை சொன்னார்கள் என்றால், விதிகளை வாசிக்காமலே தொடங்கினார்கள் என்றால், மூன்று வாரம் பார்த்துவிட்டு வேறு குழுவுக்குப் போகலாம். உட்காரும்போது டிஷ்யூ பெட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.